பெறுநர் இல்லாத செய்திகள்

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி இரவு, சுங்குவார்சத்திரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 2,000 பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆப்பிள் நிறுவனத்துக்காக ஐபோன்களைப் பூட்டிக் கொடுக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் அவர்கள். பெரும்பாலோர் 18 முதல் 22 வயதுக்கு உட்பட்டவர்கள்; தமிழகக் கிராமங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்தவர்கள். மறுநாளும் மறியல் நீடித்தது. ஏறத்தாழ 17,000 பேர் வேலை செய்த ஆலையில் உற்பத்தி நின்றது. அது மறுபடி இயங்கத் தொடங்க அடுத்த ஆண்டு ஜனவரி 12 ஆயிற்று.

இந்தப் போராட்டத்துக்கு அன்று பரவலாகச் சொல்லப்பட்ட காரணம் ஒரே சொல்லில் அடங்கிவிட்டது: வதந்தி. விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டு மருத்துவமனைக்குப் போன பெண்களில் சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் தகவல் பரவியது. அதை நம்பிப் பெண்கள் சாலைக்கு வந்துவிட்டார்கள் என்பது விளக்கம். யாரும் இறக்கவில்லை. தகவல் தவறுதான். ஆனால் தகவல் தவறு என்று நிறுவிவிட்டால், அதைப் பேசியவர்களின் கேள்வியும் தவறாகிவிடுமா? உண்மையைத் தெரிந்துகொள்ள அந்தப் பெண்களுக்கு அன்று வேறு என்ன வழி இருந்தது?

தமிழில் பெண்ணியமும் இணையமும் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் 2018இன் 'மீ டூ'விலிருந்து தொடங்குகிறோம். அது முக்கியமான தொடக்கம். ஆனால் அதில் பேசியவர்களுக்குப் பெயர் இருந்தது, பின்தொடர்பவர்கள் இருந்தார்கள், பேட்டி எடுக்க ஆள் இருந்தது. பூந்தமல்லி விடுதியிலிருந்து பேசிய பெண்களுக்கு இவை எதுவும் இல்லை. அதனாலேயே அவர்களின் பேச்சைப் பெண்களின் டிஜிட்டல் செயல்பாட்டு வரலாற்றில் சேர்க்க நமக்குத் தோன்றவில்லை. சட்டம் ஒழுங்குச் செய்தியாக அது கடந்துபோனது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நகரின் மேற்கு விளிம்பில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் இந்தத் தொழிற்பகுதியில் வைத்துத்தான் அந்த வரலாற்றை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

விடுதியில் நடந்தது

பூந்தமல்லியை அடுத்த ஜமீன் கொரட்டூரில் இருந்த பெண்கள் விடுதி ஒன்றில் டிசம்பர் 15ஆம் தேதி நிலைமை கைமீறியது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக 159 பெண்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். மேலும் சுமார் 100 பேருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. ஓர் அறைக்கு 6 பேரிலிருந்து 30 பேர் வரை தங்கவைக்கப்பட்டிருந்ததையும், தரையில் படுத்து உறங்கியதையும், சில கழிப்பறைகளில் தண்ணீர் வராததையும் விடுதிகளில் இருந்த பெண்கள் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் சொன்னார்கள். ஆய்வுக்கு வந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எலிகளையும் மோசமான கழிவுநீர் வசதியையும் பார்த்துச் சமையற்கூடத்தை மூடினார்கள்.

15ஆம் தேதிக்கும் 17ஆம் தேதி இரவுக்கும் இடைப்பட்ட இரண்டு நாட்களைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பாய்க்காரி ஆம்புலன்ஸில் போனாள், திரும்பவில்லை. எந்த மருத்துவமனை, எப்படி இருக்கிறாள், எப்போது வருவாள் என்று யாரைக் கேட்பது? ஆலை நிர்வாகத்துக்கு இவள் நேரடித் தொழிலாளி அல்ல, ஆள்பிடித்துத் தரும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். ஒப்பந்த நிறுவனத்துக்கு விடுதி வேறொரு கணக்கு. விடுதிக்காரருக்கு மருத்துவமனை சம்பந்தமில்லாத இடம். மருத்துவமனைக்கு இவள் நோயாளியின் உறவுக்காரி அல்ல. பொறுப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே போகும் இந்த அமைப்பில், ஒரு பெண் உயிரோடு இருக்கிறாளா என்ற எளிய கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை.

பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது இடப்பக்கத்தில் 'அனுப்புநர்' என்றும் அதற்குக் கீழே 'பெறுநர்' என்றும் எழுதச் சொல்வார்கள். அந்த இரண்டு நாட்களில் ஆயிரக்கணக்கான அனுப்புநர்கள் இருந்தார்கள். பெறுநர் இல்லை. பெறுநர் இல்லாத கேள்வி வாட்ஸ்அப் குழுக்களுக்குள் சுற்றியது. சுற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லாதபோது, அச்சமே பதிலாக மாறிக்கொண்டது. அதைத்தான் வதந்தி என்றார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. காவல்துறை 67 பெண் தொழிலாளர்களையும் உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவரையும் தடுத்துவைத்தது. பெண்களின் கைப்பேசிகள் பறிக்கப்பட்டன, பெற்றோரை அழைத்து மகளைக் கட்டுப்படுத்திவைக்கும்படி எச்சரித்தார்கள் என்று, தடுத்துவைக்கப்பட்டிருந்தவர்களும் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரும் அவர்களுக்கு உதவிய வழக்கறிஞரும் ராய்ட்டர்ஸிடம் கூறினார்கள். விதிமுறைப்படியே நடந்துகொண்டதாகக் காவல்துறை அதை மறுத்தது. இரண்டு நாட்களாகப் பெண்களின் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில், அவர்களைப் பற்றி வீட்டுக்குச் சொல்ல உடனே ஆள் கிடைத்துவிட்டது என்பதுதான் அந்தப் பெண்கள் சொன்னதன் பொருள். சம்பளம் வாங்கும், வாக்குரிமை உள்ள பெண்ணை ஒரே அழைப்பில் மறுபடியும் மகளாக்கிவிட முடிகிறது.

அலரும் வதந்தியும்

வதந்தி என்ற சொல்லை ஒரு தமிழ் ஆசிரியையாக என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. நம் அக இலக்கியத்தில் இதற்கு இரண்டு பழைய உறவுக்காரர்கள் உண்டு: அம்பலும் அலரும். ஊர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல்; வெளிப்படையாகப் பேசித் திரிவது அலர். திருக்குறளில் அலருக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அலர் என்பது பெண்ணைப் பற்றி ஊர் பேசுவது. பேச்சின் பொருள் அவள், பேசுவது ஊர். அவளை வீட்டுக்குள் இருத்திவைக்க, இற்செறிக்க, அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது. அலர் தூற்றும் ஊரை யாரும் தண்டித்ததாகப் பாட்டில் இல்லை.

அதே அக மரபில் பெண்ணின் உண்மை வீட்டின் அதிகாரத்தை எட்டுவதற்கு ஒரு வழியும் வகுக்கப்பட்டிருந்தது. அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். கடைசிப் படி தவிர ஒவ்வொரு படியிலும் கேட்பவள் பெண். கேட்டதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் அடுத்த படிக்குக் கொண்டுபோவது அவள் கடமை. இது ஆணாதிக்கக் குடும்பத்துக்குள்ளேயே அமைந்த வழிதான். இதைப் பொற்காலமாகக் கொண்டாட எதுவுமில்லை. ஆனால் செய்திக்கு ஒரு பாதை வேண்டும், பாதையின் ஒவ்வொரு படியிலும் பொறுப்புள்ள ஓர் ஆள் வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது.

ஜமீன் கொரட்டூரில் தோழிகள் மட்டும் இருந்தார்கள். தோழிக்கு மேலே யாரும் இல்லை. பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி, தங்கள் சாப்பாட்டைப் பற்றித் தாங்களே பேசியபோது அது வதந்தியாயிற்று. ஊர் பெண்ணைப் பேசினால் அலர், பெண் ஊரைக் கேள்வி கேட்டால் வதந்தி. இரண்டின் விளைவும் ஒன்றுதான்: அவளை வீட்டுக்கு அனுப்பு.

வாயிற்கூட்டத்திலிருந்து வாட்ஸ்அப் வரை

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களின் நடுவில் உருவானது. பக்கத்தில் டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படையுடைத் தொழிற்சாலை. இந்தத் தலைமுறை ஆலைகளின் தொழிலாளி பெரும்பாலும் ஆண், நிரந்தர வேலைக்காரர், சங்க உறுப்பினர். செய்தி பரவும் வழிகளும் அவருடைய நாளுக்கு ஏற்ப அமைந்தவை: ஷிப்ட் முடியும் நேரத்து வாயிற்கூட்டம், துண்டறிக்கை, சுவரொட்டி, டீக்கடைப் பெஞ்ச், ரயில் நிலையப் பாலம். கூட்டம் ஒரு மணி நேரம் நீண்டால் அவருக்கு நட்டமில்லை. வீட்டில் சோறு ஆகியிருக்கும்.

பின்னால் ஏற்றுமதி ஆயத்த ஆடை ஆலைகள் பெண்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தபோது, அந்த வழிகள் அவர்களுக்குப் பொருந்தவில்லை. ஆறு மணிக்கு மெஷினை விட்டு எழுந்தவள் அரக்கோணம் ரயிலைப் பிடிக்க ஓடுவாள். இறங்கிக் காய்கறி வாங்கி வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். வாயிற்கூட்டத்தில் அவளால் நிற்க முடியாது. அவளுடைய கூட்டம் ரயிலின் மகளிர் பெட்டியில் நடந்தது, ஷேர் ஆட்டோவில் நடந்தது. பெண் தொழிலாளர்கள் சங்கம் போன்ற பெண்களே முன்னின்ற அமைப்புகள் ஆலை வாசலோடு நிற்காமல் குடியிருப்புகளுக்கு வந்து பெண்களைச் சந்திக்க வேண்டியிருந்தது இதனால்தான். ஆண்களுக்காக அமைந்த தொழிற்சங்க நேரத்துக்குள் பெண்களின் நேரம் அடங்கவில்லை.

2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை தொடங்கியது. அதைச் சுற்றி உதிரிபாக நிறுவனங்கள் வந்தன. ஃபாக்ஸ்கானும் அப்போதே வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்கள் கம்பெனிப் பேருந்துகளில் ஏறினார்கள். அந்தப் பேருந்து அவர்களுக்கு வீட்டைத் தாண்டிய முதல் உலகம். கையில் வந்த முதல் சம்பளத்தில் பலர் வாங்கிய முதல் பொருள் கைப்பேசி. ஆனால் அதே பேருந்து ரயில் பெட்டியின் கூட்டத்தையும் இல்லாமலாக்கியது. வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும் வண்டியில் வேறு ஆலைப் பெண்ணைச் சந்திக்க வாய்ப்பில்லை.

2010 ஜூலையில் ஃபாக்ஸ்கானின் அன்றைய ஆலையில் 200க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மயங்கியும் குமட்டியும் மருத்துவமனைக்குப் போனார்கள். பூச்சிமருந்து தெளித்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டு அந்த ஆலையில் சங்க உரிமைக்கும் சம்பளத்துக்குமான வேலைநிறுத்தமும் நூற்றுக்கணக்கான கைதுகளும் நடந்தன. 2014 நவம்பர் 1இல் நோக்கியா ஆலை மூடப்பட்டது. ஃபாக்ஸ்கானும் அந்த ஆண்டு இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. சங்கம் கட்டிய அனுபவமும் அந்தத் தலைமுறையோடு கலைந்து ஊர்களுக்குப் போய்விட்டது. பின்னர் ஐபோன் வேலைக்கு ஆலை நிரம்பியபோது வந்த பெண்களுக்கு, தங்களுக்கு முன்னால் இதே சாலையில் நடந்தது எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வந்தவர்கள் இப்போது ஊரிலிருந்து தினமும் வருகிறவர்கள் அல்ல, விடுதியில் தங்குகிறவர்கள். குடும்பமும் கூட இல்லை, சங்கமும் இல்லை. மிஞ்சியது கைப்பேசி.

அந்தக் கைப்பேசியும் ஐபோன் அல்ல. 2021இல் ஐபோன் 13இன் இந்திய விலை 79,900 ரூபாய். அதைப் பூட்டியவளின் மாதச் சம்பளம் ஏறத்தாழ 140 டாலர், அதாவது பத்தாயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டிய தொகை. ஏழு மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்துவைத்தாலும் எட்டாத பொருள்.

கம்பாலாவில் ஒரு பெறுநர்

நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை தயாரித்த கைப்பேசிகள் உள்நாட்டில் மட்டும் விற்கவில்லை. மேற்காசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறின. நம் பெண்கள் பூட்டிய அந்தச் சாதாரண பட்டன் ஃபோன்கள் போய் இறங்கிய கண்டத்தில், கைப்பேசியைப் பெண்கள் இயக்கத்தின் கருவியாக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. செய்திக்குப் பெறுநரை உருவாக்குவது எப்படி என்பதை அவர்களிடம் பார்க்கலாம்.

1995இல் பெய்ஜிங்கில் நடந்த நான்காவது உலகப் பெண்கள் மாநாட்டின் செயல்திட்டம் பெண்களும் ஊடகமும் என்பதைத் தனி இயலாக எடுத்துக்கொண்டது. மாநாட்டை ஒட்டிய தன்னார்வ அமைப்புகளின் கூடலில் மின்னஞ்சல் வசதிக்கூடத்தை நடத்திய குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். கணினி இணைப்புகளைப் பெண்கள் அமைத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தக் காட்சி பலருக்குப் புதிது. ஐந்தாண்டுகள் கழித்து, 2000 மே மாதம், உகாண்டாவில் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து 'வூக்நெட்' என்ற வலையமைப்பைத் தொடங்கின. பொறியாளர் டோரதி ஒகெல்லோ அதை வழிநடத்தியவர்களில் முதன்மையானவர்.

வூக்நெட் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது அபாச் மாவட்டத்தில் 2005இல் தொடங்கிய குபெரெ தகவல் மையம். வடக்கு உகாண்டாவின் விவசாயப் பெண்களுக்கு இணையம் எட்டாது, ஆங்கிலம் எட்டாது. எனவே லுவோ மொழியில் வானொலி நிகழ்ச்சி; நிகழ்ச்சியைக் குழுவாகக் கேட்கக் கேசட்டு; குழுவுக்கு ஒரு கைப்பேசி; கேள்வியைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் மையத்திலிருந்து பதில். தொழில்நுட்பமாகப் பார்த்தால் பெரிதாக எதுவுமில்லை, எல்லாம் பழைய சாமான். ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவருக்குப் பதில் சொல்வதே வேலை.

இன்னும் பெரிய அளவில் இதைச் செய்துகாட்டியது மாப்புடோ நெறிமுறைக்கான இயக்கம். ஆப்பிரிக்கப் பெண்களின் உரிமைகளுக்கான இந்த உடன்பாட்டை 2003 ஜூலையில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்றது. ஆனால் 15 நாடுகள் உறுதிசெய்தால்தான் நடைமுறைக்கு வரும். தலைவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோகும் ஒப்பந்தங்களுக்கு அங்கும் குறைவில்லை. 2004இல் பெண்கள் அமைப்புகள் ஒரு கூட்டணியாகச் சேர்ந்து, குறுஞ்செய்தி வழியாகவே கோரிக்கை மனுவில் கையெழுத்திடலாம் என்று அறிவித்தன. கணினி இல்லாதவரும் கைப்பேசியிலிருந்து தன் பெயரை அனுப்பலாம். வந்த பெயர்களை எடுத்துக்கொண்டு அரசுகளின் கதவைத் தட்டக் கூட்டணி இருந்தது. 2005 நவம்பர் 25ஆம் தேதி, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளில், நெறிமுறை நடைமுறைக்கு வந்தது. ஒரு கண்டத்தின் மனித உரிமை உடன்பாடு அவ்வளவு விரைவில் உயிர்பெற்றது குறுஞ்செய்தியால் மட்டும் அல்ல. குறுஞ்செய்திக்குப் பின்னால் முகவரியும் ஆட்களும் தொடர் வேலையும் இருந்தன.

2020 அக்டோபரில் நைஜீரியாவில் காவல்துறையின் 'சார்ஸ்' பிரிவுக்கு எதிராக இளைஞர்கள் எழுந்தபோதும் இதையே பார்க்கிறோம். அதே ஆண்டில் சில இளம்பெண்கள் தொடங்கியிருந்த பெண்ணியக் கூட்டணி நிதி திரட்டியது, கைதானவர்களுக்குச் சட்ட உதவிக்கும் காயம்பட்டவர்களுக்கு மருத்துவத்துக்கும் கொடுத்தது, வரவு செலவைப் பொதுவில் வைத்தது. வங்கி வழி அடைபட்டபோது பிட்காயினில் நன்கொடை வாங்கியது. தெருவில் நின்றவர் 'என்னைக் கைது செய்துவிட்டார்கள்' என்று செய்தி அனுப்பினால், அதைப் பெற்றுக்கொண்டு வழக்கறிஞரை அனுப்ப ஓர் அமைப்பு இருந்தது.

அரசு படிக்கும் செய்தி

பெறுநர் இல்லாத செய்தியை எப்போதும் முழுதாகப் படிக்கும் வாசகர் ஒருவர் உண்டு: அரசு. இதற்கும் உகாண்டாவிலேயே சான்று இருக்கிறது.

மாக்கரேரே பல்கலைக்கழக ஆய்வாளரும் கவிஞருமான ஸ்டெல்லா நியான்ஸியின் வழக்கு அது. 2016 தேர்தலில் பள்ளி மாணவிகளுக்கு இலவச மாதவிடாய் அணையாடை தருவதாக அதிபர் முசேவேனி வாக்களித்தார். அடுத்த ஆண்டு, அதற்குப் பணமில்லை என்று கல்வி அமைச்சரான அவர் மனைவியே அறிவித்தார். நியான்ஸி முகநூலில் கடுமையாகக் கேலி செய்து எழுதினார். பொதுமக்களிடம் திரட்டிப் பள்ளிகளுக்கு அணையாடை கொடுத்தார். 2017 ஏப்ரலில் கைது, 33 நாள் சிறை. அதிபரைப் பற்றிய ஒரு கவிதையை முகநூலில் இட்டதற்காக மறுபடி கைது. 2019 ஆகஸ்டில் இணையத் துன்புறுத்தல் குற்றத்துக்காக 18 மாதத் தண்டனை. மேல்நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அதை ரத்து செய்தபோது தண்டனைக் காலத்தின் பெரும்பகுதி கழிந்திருந்தது. பெண்களை இணையத் தொல்லையிலிருந்து காக்கப் பயன்படும் என்று சொல்லப்படும் சட்டப் பிரிவுகள், மாதவிடாயைப் பற்றிக் கேள்வி கேட்ட பெண்ணின் மேலேயே பாய்ந்தன.

நமக்கு இது புதிதல்ல. 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஓர் அரசியல் தலைவரின் மறைவுக்கு நகரமே கடையடைக்க வேண்டுமா என்று முகநூலில் கேட்ட இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட அவருடைய தோழியும் கைதானார்கள். அதைப் பார்த்துக் கொதித்த சட்ட மாணவி ஷ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில்தான் 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கியது. பிரிவு போனது, பழக்கம் போகவில்லை. பெண் அனுப்பிய செய்தி சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன்னால் அவள் கைப்பேசியைப் பிடுங்கும் பழக்கம் அது.

வீட்டிலும் அதே பழக்கம்தான். 2019இல் பொள்ளாச்சி வழக்கு வெளியே வந்தபோது, குற்றம் செய்தவர்கள் கைப்பேசியில் எடுத்த காணொளிகளை வைத்துப் பெண்களை மிரட்டியது தெரிந்தது. அதன் பிறகு கைப்பேசி பறிபோனது எத்தனையோ வீடுகளில் மகள்களிடமிருந்துதான், மகன்களிடமிருந்து அல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் 53.9 விழுக்காடு. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33.3, ஆண்களில் 57.1. கைப்பேசி பெண்ணிடம் இருப்பதே இன்னும் யாரோ கொடுத்த அனுமதிபோல் இருக்கும் நாட்டில், அதைப் பறிப்பதற்குப் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை.

சாலைக்கு வந்தபின் கிடைத்த பதில்

ஃபாக்ஸ்கான் பெண்கள் தனியாக நிற்கவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டு, ஆண்கள் தலைமையிலான சங்கங்களைத் தள்ளிவைத்துவிட்டு, 'பெண்பிளை ஒருமை' என்று தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். 2016 ஏப்ரலில் பெங்களூருவின் ஆயத்த ஆடைப் பெண்கள் வருங்கால வைப்புநிதியை எடுக்கத் தடை போட்ட புதிய விதிக்கு எதிராகத் தலைமை எதுவும் இல்லாமல் சாலைகளை அடைத்தார்கள்; இரண்டாம் நாளே மத்திய அரசு விதியைக் கைவிட்டது. மூன்று இடங்களிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. பெண்கள் சாலைக்கு வந்தது வேறு வழிகளைச் சோம்பலால் விட்டுவிட்டு அல்ல. கேட்க ஆள் இருக்கும் ஒரே இடம் நெடுஞ்சாலை என்று அவர்களுக்குத் தெரிந்ததால். லாரிகள் நின்றால்தான் ஆட்சியர் வருவார்.

சுங்குவார்சத்திரத்திலும் வந்தார்கள். ஆட்சியர், காவல் அதிகாரிகள், அமைச்சர்கள் என்று எல்லோரும் பேசினார்கள். டிசம்பர் 29ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையல்ல என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. ஃபாக்ஸ்கான் தன் உள்ளூர் நிர்வாகத்தை மாற்றியமைப்பதாகவும், ஆலை மூடியிருக்கும் நாட்களுக்குச் சம்பளம் தருவதாகவும் அறிவித்தது. பெண்கள் கேட்ட கேள்வியின் அடிப்படை சரி என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டாம். ஆனாலும் வதந்தி என்ற சொல் திரும்பப் பெறப்படவில்லை.

சட்டம் இல்லாமல் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 250க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலையில் உணவகம் வேண்டும் என்றது அன்று நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 46ஆம் பிரிவு, உணவக நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெற வழி செய்தது. பெண்கள் விடுதிகளுக்கென்றே 2014இல் தமிழகச் சட்டம் ஒன்று வந்து, உரிமம் கட்டாயமானது. ஆனால் உணவகச் சட்டம் ஆலைக் கதவோடு நின்றுவிட்டது. விடுதிச் சட்டம் கட்டிடத்தைப் பார்க்கிறது, அதற்குள் இருக்கும் தொழிலாளியைப் பார்ப்பதில்லை. ஒரே பெண் எட்டு மணி நேரம் தொழிலாளி, மீதி நேரம் விடுதிப் பெண். அவள் இரவுச் சாப்பாடு இரண்டு சட்டங்களுக்கும் இடையில் விழுந்துவிட்டது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு வளாகத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். 706.50 கோடி ரூபாயில், பத்து மாடிக் கட்டிடங்களாகச் சிப்காட் கட்டியது. பாய்க்குப் பதில் கட்டில், தண்ணீர் வரும் கழிப்பறை: இவை அற்பமானவை அல்ல. இவற்றுக்கு விலை கொடுத்தவர்கள் 2021 டிசம்பரில் குளிரில் தார்ச்சாலையில் உட்கார்ந்தவர்கள். திறப்பு விழாக்களில் அவர்கள் பெயர் வராது. இப்படிப்பட்ட கட்டுரைகளிலாவது வர வேண்டும். ஆனால் அவர்களின் பெயர் நமக்கு வேண்டாம், வெளியே வந்தால் வேலைக்கு ஆபத்து. எண்ணிக்கையாகவேனும் பதிவுசெய்வோம்: சாலையில் 2,000, காவலில் 67.

கட்டிடம் வந்துவிட்டது. பெறுநர் வந்துவிட்டாரா என்பதே இப்போது கேள்வி. அதே 2024இல், இந்த ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்ற செய்தி ராய்ட்டர்ஸ் வழியாக வந்து, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. இதைப் பற்றியும் வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் எழுதும்வரை கேட்க ஆள் இருக்கவில்லை. பெரிய வளாகத்தில் பெண்கள் ஒன்றாக இருப்பது பலமாகவும் ஆகலாம், கண்காணிப்பாகவும் ஆகலாம். எது நடக்கும் என்பதைக் கட்டிடம் தீர்மானிக்காது. விடுதியில் பெண்களே தேர்ந்தெடுக்கும் உணவுக் குழு இருக்கிறதா? நோயுற்றவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்பதை உடன் தங்கியவர்களுக்கு அன்றே சொல்லும் கடமை யாருக்காவது எழுத்தில் உண்டா? ஒப்பந்தத் தொழிலாளி சங்கத்தில் சேர்ந்தால் அடுத்த மாதமும் அவளுக்கு வேலை இருக்குமா? பெரியவளான ஒரு பெண்ணைப் பற்றிப் பெற்றோரை அழைத்து எச்சரிப்பது இனி நடக்காது என்று யாராவது உத்தரவிட்டிருக்கிறார்களா?

பெண்களின் கையில் கைப்பேசி வந்ததையே விடுதலையாகச் சொல்லும் பேச்சு நம்மிடம் நிறைய இருக்கிறது. அபாச் மாவட்டத்துப் பெண்களிடம் குழுவுக்கு ஒரு கைப்பேசி இருந்தது. ஜமீன் கொரட்டூர் பெண்களிடம் ஆளுக்கு ஒன்று இருந்தது. முன்னவர்களின் செய்திக்குப் பதில் வந்தது. பின்னவர்களுக்கு அது வரவில்லை. வித்தியாசம் கருவியில் இல்லை, மறுமுனையில் இருக்கிறது. மறுமுனையில் ஒரு சங்கம், ஒரு பெண்கள் அமைப்பு, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அலுவலர் என்று யாராவது உட்காரும்வரை, இந்தப் பகுதியில் இன்னொரு விடுதியில் இன்னோர் இரவு அதே கேள்வி குழுக்களுக்குள் சுற்றும். அன்றும் அதை வதந்தி என்பார்கள். அந்தப் பெயரை நாம் திருப்பிச் சொல்லாமல் இருப்பதிலிருந்து தொடங்கலாம்.